நாற்பது குழாயும் ஒரு பரண் பூண்டும்

புகையில்லா அடுப்பு வைக்கப் போய், ஓர் ஊருக்கே புகையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். அதற்குப் பாராட்டுக் கடிதம் வேறு வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எந்தக் கதையைச் சொல்லலாம் என்று யோசித்தபோது இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. என் மூக்கு இதைவிடப் பலமாக உடைபட்ட இடம் வேறு இல்லை.

எண்பதுகளின் நடுவில் நான் கொடைக்கானல் மலையில் ஊர்நல அலுவலராக இருந்தேன். சொந்த ஊர் ஆயக்குடி. கொய்யாத் தோப்புக்கும் வெயிலுக்கும் பிறந்தவளை மலையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். செண்பகனூரில் ஓர் அறை எடுத்து, இரண்டு ஸ்வெட்டருக்குள் என்னை ஒளித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

உங்கள் வாயில் இப்போது சரளமாக வருகிற பருவநிலை மாற்றம், கரியமில வாயு என்பதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது சோலைக்காடு, விறகு, ஓடைத் தண்ணீர். அதுவரை மலையில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நடுவதுதான் முன்னேற்றம் என்று அரசாங்கம் சொல்லிவந்தது. மெல்ல மெல்லப் பேச்சு மாறியது. சோலையை வெட்டினால் ஓடை வற்றும், ஆகவே விறகைக் குறை என்று புதிய உத்தரவுகள் வந்தன. விறகைக் குறைக்க எங்கள் கையில் கொடுக்கப்பட்டதுதான் புகையில்லா அடுப்பு. களிமண்ணால் மேடை, பாத்திரம் வைக்க இரண்டு வாய், புகையைக் கூரைக்கு வெளியே தள்ள ஒரு சிமெண்டுக் குழாய். விறகில் பாதி போதும், கண்ணும் எரியாது.

நான் அதை முழுமனதாக நம்பினேன். தலையில் விறகுக் கட்டோடு சோலையிலிருந்து ஏறிவரும் பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறாது. ஆனால் செண்பகனூர் அறையில் நான் சமைத்ததோ மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

மேல்மலையில் பூண்டு விளையும் ஒரு சிற்றூரை மாதிரிக் கிராமமாக எடுத்துக்கொண்டோம். நாற்பது வீடு, நாற்பது அடுப்பு. கட்டுவதற்கு மாணிக்கம் என்ற கொத்தனார் வந்தார். நாற்பது வயசு இருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். புரட்டாசிக்குள் நாற்பதையும் முடித்துவிட்டார்.

அந்த ஊருக்குப் பதினொரு மணிக்கு ஒரு பேருந்து வரும். அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். அதை விட்டால் சாயங்காலம்தான். ஆகவே என் கள ஆய்வு எல்லாம் அந்த அரை மணி நேரத்துக்குள் அடக்கம். நான் போகும்போதெல்லாம் எல்லா வீட்டிலும் புது அடுப்பு எரியும். மேடையைச் சாணமிட்டு மெழுகிக் கோலம் போட்டிருப்பார்கள். ஒரு துளிக் கரி இருக்காது. "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!" என்று நான் பூரித்துப் போவேன். அவர்களும், "எல்லாம் நீங்க சொன்னதுதான் டீச்சரம்மா" என்பார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் என்பதால் ஊருக்கு நான் டீச்சரம்மா. அடுப்பு என்றால் கரி பிடிக்காமல் இருக்குமா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. பாராட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது மூளை வேலை செய்யாது, என்ன செய்வது?

அங்கே செல்லத்தாயி என்று ஒருத்தி. என் வயசுதான். சிரித்த முகம், ஆனால் அடுப்புப் புகையால் எந்நேரமும் கண்ணில் நீர் கோத்திருக்கும். அவளுடைய நாலு வயசு மகளுக்கு மூச்சிழுப்பு. புது அடுப்பு வந்த பத்தாம் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, புள்ள நேத்து ஒரு தடவகூட இருமலங்க. நிம்மதியா ஒறங்குனா" என்றாள். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அதே செல்லத்தாயி அடுத்த வாரம் இன்னொன்று கேட்டாள். நான் ஊரைச் சுற்றிவிட்டுக் கிளம்பும் நேரம். பேருந்து கிளம்புவதற்கு ஹாரன் அடித்துவிட்டது. அவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"டீச்சரம்மா, இந்த அடுப்புனால மேல கெடக்குற பூண்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

பூண்டா? எந்தப் பூண்டு, மேலே என்றால் எங்கே, எதுவும் எனக்குத் தெரியாது. ஓட்டுநர் மறுபடி ஹாரன் அடித்தார். "ஒண்ணும் ஆகாது, பூண்டுக்கும் நல்லதுதான், சுத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

நான் செய்த தவறு இதுதான். மற்றதெல்லாம் இதன் வால். தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கார்த்திகையில் மதுரையிலிருந்து ஓர் உயர் அதிகாரி எங்கள் மாதிரிக் கிராமத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிடித்துப்போனால் சித்திரைக்குள் மேல்மலை முழுவதும் இதே அடுப்பு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினொரு மணிப் பேருந்துக்குக் காத்திருக்க முடியாமல், அவர் வரும் நாளன்று வெள்ளனே காய்கறி ஏற்றப் போகும் காலி லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு போனேன்.

ஏழு மணிக்கு ஊர் வளைவில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. மேட்டில் நின்று பார்த்தால் நாற்பது வீடும் தெரியும். நாற்பது குழாயும் வரிசையாக, அழகாக நின்றன. ஒன்றைத் தவிர எதிலும் புகை இல்லை. புகை எல்லாம் பழையபடி தகரக் கூரை இடுக்குகள் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது.

அருகில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தேன். புது அடுப்பு மேடையில் கோலம். அதன்மேல் ஒரு ரேடியோப் பெட்டி. அதற்கு இரண்டடி தள்ளி மூன்று கல் கூட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி என்னைக் கண்டதும் அகப்பையைக் கீழே போட்டாள்.

"என்ன டீச்சரம்மா, பஸ்ஸு வராமலே வந்துட்டீக?"

விஷயம் மெல்ல வெளிவந்தது. வளைவில் பதினொரு மணிப் பேருந்து ஹாரன் அடித்ததும் நெருப்பைப் புது அடுப்புக்கு மாற்றுவார்கள். நான் திரும்பிப் போனதும் பழைய இடத்துக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு மாதமாக இந்த நாடகம் ஒரு நாள் தவறாமல் நடந்திருக்கிறது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், இன்றைக்கும்தான்.

"அம்புட்டு தூரம் குளிர்ல எங்களுக்காக வாரீக. வேணாம்னு மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது? மனசு கஷ்டப்படுமுல்ல" என்றாள் அவள். பிறகு விரலை மேலே காட்டினாள். "புகையில்லாட்டி இதுக என்னத்துக்காகும்?"

அந்த ஊருக்கு வந்த இத்தனை நாளில் நான் அன்றுதான் மேலே பார்த்தேன். அடுப்புக்கு நேர்மேலே பரண். அதில் கழி கழியாக, காய்ந்த தண்டோடு கட்டித் தொங்கவிட்ட பூண்டு. ஆவணியில் பிடுங்கியது, சித்திரையில் நடவேண்டிய விதை. மேல்மலையின் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே அந்த விதையைக் காப்பாற்றுவது அடுப்புப் புகை ஒன்றுதான். இது அந்த ஊரில் நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பயிற்சி எடுத்து வந்த எனக்குத் தெரியாது. எங்கள் பயிற்சிக்கூடம் சமவெளியில் இருந்தது. அங்கே புகை என்றால் விரோதி, அவ்வளவுதான்.

அப்படியானால் புகை வந்த அந்த ஒற்றைக் குழாய்?

செல்லத்தாயி வீட்டுக்கு ஓடினேன். அவள் தரையில் சாக்கை விரித்துப் பூண்டைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். கையில் நசுங்கியது. பாதி பூஞ்சை பிடித்து அழுகிவிட்டது, மீதி காலத்துக்கு முன்னால் முளைவிட்டு ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது. சித்திரை நடவுக்கு அவளிடம் விதை இல்லை. ஊரில் என்னை நம்பியவள் ஒருத்தி. அவள் ஒருத்திக்குத்தான் நஷ்டம்.

"தெரிஞ்சும் ஏன் பழைய அடுப்புக்குப் போகல?" என்று கேட்டேன். 

"புள்ளைக்கு மூச்சு நல்லா இருக்கே டீச்சரம்மா. அதோட நீங்கதான் பூண்டுக்கும் நல்லதுன்னு சொன்னீக" என்றாள். அதில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுதேன்.

இதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு என்மேல் இரக்கம். "பயப்படாதீக. ஐயா வர்ற நேரத்துக்கு நாப்பது வீட்டுலயும் புது அடுப்ப பத்த வச்சுருவோம்" என்றார்கள். செல்லத்தாயி சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தாள். "நான் இத உள்ள எடுத்து வச்சுடுறேன். எங்க வீட்டுப் பக்கம் கூட்டியாராதீக. வெரசா மொகத்தக் கழுவுங்க" என்றாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. மதுரை அதிகாரி, எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர், ஒரு புகைப்படக்காரர், கூடவே அடுப்பு கட்டிய மாணிக்கம். நாற்பது குழாயிலும் புகை. அப்படி ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதிகாரி நாலைந்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். கோலம் போட்ட மேடைகளைப் பார்த்து என்னைப் போலவே பூரித்தார். "பிரமாதம்மா. இதையே அப்படியே மலை பூரா செஞ்சிருவோம்" என்றார். எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு முகமெல்லாம் பல்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருக்கத்தான் விரும்பினேன், பொய் சொல்லவில்லை. 'மலை பூரா' என்ற சொல்தான் என்னைக் குத்தியது. அடுத்த ஊரில் ஒரு செல்லத்தாயி இருப்பாள், அதற்கடுத்த ஊரில் ஒருத்தி. நம்புகிற ஒவ்வொருத்திக்கும் விதை போகும். நம்பாதவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு திட்டம் எதற்கு?

"ஐயா, ஒரு வீடு பாக்கி இருக்கு" என்றேன். எங்கள் அலுவலர் பின்னால் நின்று கண்ணை உருட்டினார். நான் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

செல்லத்தாயி என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள். நானே உள்ளே போய்ச் சாக்கை இழுத்து வந்து பிரித்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், ஹாரன் உட்பட. அதிகாரி ஒரு பூண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலைல ஏழு மணிக்கு, ஐயா."

"நான் வந்து ஒரு மணி நேரமாச்சே. இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு, ஐயா."

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் மேல போய் என்னத்தச் சொல்ல?" என்றார். சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இவ்வளவு நேரம் சுவரோரம் நின்றிருந்த மாணிக்கம் தொண்டையைச் செருமினார். "சார், நான் ஒண்டு சொல்லலாமா? எங்க தோட்டத்து ஸ்டோர்ல கொழுந்த மேல்மாடியிலதான் பரப்பி வாட்டுறது. நெருப்பு கீழ, சூடு மட்டும் மேல வரும். அங்க வேல செய்யுற ஆளுக்குக் கண்ணு எரியுறதில்ல. விளங்குதுங்களா? இந்தக் குழாய நேரா வெளிய விடாம, பரண்ல ஒரு பெட்டி அடிச்சு, அதுக்குள்ள விட்டுட்டு அப்புறம் வெளிய விட்டா என்ன?"

ஸ்டோர் என்று அவர் சொன்னது தேயிலைத் தொழிற்சாலையை. இந்த யோசனை அவருக்கு அடுப்புக் கட்டும்போதே வந்திருக்கிறது. "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே மிஸ்" என்றார். அன்றைக்கு எனக்கு விழுந்த குத்துகளில் இது எத்தனையாவது என்று எண்ணவில்லை.

அதிகாரி எழுந்தார். "சித்திரை வரைக்கும் மலையில வேற எங்கயும் அடுப்பு கட்ட வேண்டாம். அதுக்குள்ள இந்த ஒரு வீட்டுல சரியா வருதா பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். புகைப்படக்காரர் மட்டும் ஏமாந்துபோனார்.

பெட்டியில் தொங்கவிடப் பூண்டு வேண்டுமே. மறுநாள் முதல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டு வந்து செல்லத்தாயி வாசலில் இறங்கியது. என்னிடம் நடித்தவர்கள் பூண்டு கெடும் என்று அவளிடமும் வாய் திறந்திருக்கவில்லை. அந்தக் குறுகுறுப்பு அவர்களுக்கு இருந்தது. சோதித்துப் பார்க்கச் சில கட்டுகளை ஒதுக்கிவிட்டு, மீதி விதையைப் பக்கத்து வீட்டுப் பரணில் பத்திரமாக ஏற்றினோம். இனி என் வாய்ச்சொல்லை நம்பி விதையை வைப்பதாக இல்லை என்று செல்லத்தாயி தெளிவாகச் சொன்னாள். நியாயம்தானே.

முதல் பெட்டி ஒரே நாளில் தோற்றது. குழாய் வாய்க்கு நேராக இருந்த பூண்டு வெந்தே போய்விட்டது. தெரு முழுக்க ரசம் தாளித்த மணம். ஊரே வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னைக்கு டீச்சரம்மா சமையலா?" என்று கேலி பண்ணிவிட்டுப் போனது. இரண்டாவது பெட்டியில் புகை திரும்பி வீட்டுக்குள் வந்தது. மூன்றாவது முறை செல்லத்தாயியே பரணில் ஏறினாள். குழாய் வாய்க்கும் பூண்டுக்கும் நடுவே ஒரு தட்டைக் கல்லைச் சாய்த்து வைத்தாள். சூடு கல்லில் முட்டி, புகை மட்டும் பக்கவாட்டில் மெல்லப் பரவி, பூண்டைத் தழுவிவிட்டுக் கூரைக்கு மேலே போனது. மாணிக்கம் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சரியான வேல" என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

சித்திரை வந்தபோது பெட்டிக்குள் இருந்த பூண்டு பரண் பூண்டைவிடக் கெட்டியாக இருந்தது. பிள்ளையும் இருமவில்லை. செல்லத்தாயி நட்டாள். ஆவணியில் பிடுங்கியபோது தன் விதை முழுவதையும் அவளாகவே பெட்டிக்குள் ஏற்றினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை. அதைப் பார்த்தபிறகு ஒவ்வொரு வீடாக மாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். பெண்களுக்கு வாரத்தில் ஒரு விறகு நடை மிச்சமானது. இரண்டு வீட்டில் மட்டும் கடைசிவரை மசியவில்லை. ரேடியோ வைக்க அந்த மேடைதான் வசதி என்றுவிட்டார்கள்.

நான் பேருந்து நேரத்தை விட்டுவிட்டு, வாரம் ஒரு நாள் காலையிலேயே லாரியில் போய் மாலைவரை இருக்கப் பழகிக்கொண்டேன். செண்பகனூர் அறையிலும் ஒரு மண் அடுப்பு கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், அது வேறு கதை.

பெட்டியின் படத்தை நானே வரைந்து, கீழே கையெழுத்துப் போட்டு மதுரைக்கு அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் வந்தது என்று சொன்னேனே, அது இதற்குத்தான். அதோடு கதையை முடித்துக்கொண்டால் என் பெருமை நிற்கும். ஆனால் உங்களிடம் மீதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு ஆயக்குடி போனேன். வீட்டு அடுப்படியில் புத்தம்புது புகையில்லா அடுப்பு. குழாய் மேலே போய், உத்தரத்தின் அடியில் ஒரு பெரிய பெட்டிக்குள் நுழைந்து வெளியேறியது. பெட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

"மதினி, இது என்ன?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? கெவர்மெண்டு அடுப்புன்னு தெரு பூராம் கட்டிட்டுப் போனாக. இந்தப் பொட்டி எதுக்குன்னு கட்டுன ஆளுக்கே தெரியல. 'படத்துல இருக்கு, கட்டணும்'னான்" என்றாள் என் அண்ணன் மனைவி. மாடத்திலிருந்து ஒரு சைக்ளோஸ்டைல் தாளை எடுத்துக் கொடுத்தாள். நான் வரைந்த படம். கீழே என் கையெழுத்து.

அன்று மாலையே மதுரை அதிகாரிக்கு எழுதினேன். இந்தப் பெட்டி பூண்டு விளையும் குளிர் ஊருக்கு மட்டும்தான், ஆயக்குடிக்குத் தேவையில்லை, அங்கங்கே கேட்டுக் கட்டச் சொல்லுங்கள் என்று. உத்தரவு திருந்தி வருவதற்குள் இன்னும் எத்தனை பூனைகள் குடியேறினவோ!

மலைக்குத் திரும்பியதும் செல்லத்தாயியிடம் இதைச் சொன்னேன். அவள் பரணில் பூண்டுக் கட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கணம் புரியாமல் பார்த்தாள்.

"அங்க பூண்டு ஏது? கொய்யாப் பழத்துக்கா புகை போடுறாக?" என்றாள்.

சொல்லி முடிக்கவில்லை, அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏணியில் நிற்க முடியாமல் இறங்கி, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் ஓடிவந்து என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தாள். செல்லத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை இல்லாமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்து அன்றுதான் பார்த்தேன்.